நாற்பத்து மூன்று படிகள்

1958 மே 8, வியாழன்

கப்பல் இன்னும் வரவில்லை. பஜாரில் வெங்காயம் தீர்ந்து நான்கு நாளாகிறது. வெற்றிலை நேற்றோடு சரி. சேக் தாவூத் பாய் கடையில் வெறும் பாக்கை மென்றுகொண்டு உட்கார்ந்திருக்கிறார். “மெயின்லேண்டுக்காரன் நம்மள மறந்துட்டான் போல தம்பி” என்றார். கப்பல் தாமதமானால் அந்தமானே கழுத்தை நீட்டிக்கொண்டு கடலைப் பார்க்கிறது. நான் மட்டும் பார்ப்பதில்லை என்று எல்லோரிடமும் சொல்வேன். பொய். என் அறை மரைன் ஹில்லில். ஜன்னலைத் திறந்தாலே துறைமுகம்தான்.

ஆபீஸில் புது வேலை கொடுத்திருக்கிறார்கள். வைப்பர் தீவின் மேட்டில் இருக்கும் பழைய ஜெயிலை அளந்து படம் போட வேண்டுமாம். வெள்ளைக்காரன் கட்டியது, நூறு வருஷம் ஆகப்போகிறது, நிலநடுக்கத்தில் பாதி விழுந்துவிட்டது. மிச்சத்தை இடித்தால் செங்கல் தேறுமா என்று மேலே யாருக்கோ தெரிய வேண்டும். சனிக்கிழமைதோறும் மோட்டார் லாஞ்ச் அந்தப் பக்கம் போகும், ஏறிக்கொள் என்றார்கள். டிராயிங் செக்‌ஷனில் ஐந்து பேர் இருக்கிறோம். மற்ற நால்வருக்கும் சனிக்கிழமை சாயங்காலம் வீட்டில் யாராவது காத்திருப்பார்கள். அதனால் நான்.

மே 10, சனி

வைப்பருக்குப் போய் வந்தேன்.

லாஞ்ச்சில் கயிறு பிடிக்கும் கலாசி உதயசூரியன் தூத்துக்குடிக்காரன், வாயை மூடாத ஆள். துறைமுகம் முழுக்கக் கதை சொல்லிக்கொண்டே வந்தவன், வைப்பர் ஜெட்டியில் கயிற்றைக் கட்டியதும் அடங்கிப் போனான்.

“நா மேல வரல சார். அங்கன தூக்குல போட்டவன்லாம் இன்னும் எறங்கலன்னு சொல்லுதாவ.”

“பகல் பத்து மணிக்குக்கூடவா?”

“பேய்க்கு வாட்ச் ஏது சார்?”

சாயங்காலம் நாலு மணிக்கு வருவதாகச் சொல்லிவிட்டு, காட்டில் மரம் வெட்டும் முகாமுக்கு அரிசி மூட்டைகளோடு போய்விட்டான். தீவில் நான் ஒருத்தன்.

ஜெட்டியிலிருந்து மேட்டுக்குப் படிகள் உண்டு. நாற்பத்து மூன்று. பாதி உடைந்திருக்கின்றன. மேலே சிவப்புச் செங்கல் சுவர்கள், கூரை இல்லாத அறைகள், உச்சியில் தூக்குமேடைக் கூடம். அதற்கு மட்டும் கூரை மிச்சம். கடலிலிருந்து பார்த்தால் சின்னக் கோட்டை மாதிரியே இருக்கிறது. நம் ஆட்கள் கோட்டை என்றுதான் சொல்கிறார்கள். கிழக்குச் சுவரின் மேல் ஒரு ஆலமரம் உட்கார்ந்து, வேர்களை இரண்டு பக்கமும் தொங்கவிட்டிருக்கிறது. செங்கல்லைத் தொட்டால் கையில் மாவாக வருகிறது. வேர் இருக்கும் இடத்தில் மட்டும் சுவர் கெட்டி.

சுவர் கனம் இரண்டடி மூன்றங்குலம். அளவு நாடாவின் மறுமுனையைப் பிடிக்க ஆள் கேட்டிருந்தேன், கூலியாட்கள் எல்லோரும் ரோடு வேலையில் இருக்கிறார்களாம். முனையில் கல்லை வைத்து அளந்தேன். கல் நழுவும். திரும்பப் போய் வைப்பேன். கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றை மதிற்சுவரில் உட்கார்ந்து தின்றேன். என் குரலையே நான் கேட்டு ஐந்து மணி நேரம் ஆகியிருந்தது. “இரண்டடி மூன்றங்குலம்” என்று உரக்கச் சொல்லிப் பார்த்தேன். யாரோ பேசிய மாதிரி இருந்தது.

இதை மரகதத்துக்கு எழுத வேண்டும். கல்யாணமான புதிதில் அவளைச் செஞ்சிக் கோட்டைக்குக் கூட்டிப் போயிருந்தேன். அங்கே கிருஷ்ணகிரி மலைமேல் ஏறினோம். படிகளை நானும் எண்ணினேன், அவளும் எண்ணினாள், கணக்கு ஒத்துவரவில்லை. “உடைஞ்ச படியெல்லாம் தாண்டித் தாண்டிப் போனீங்க. தாண்டினதை எண்ணவே இல்லை” என்றாள். கணக்கில் என்னை யாரும் ஜெயித்ததில்லை என்று சண்டை போட்டேன். இறங்கும்போதுதான் அந்தமானுக்கு மாற்றலான செய்தியைச் சொன்னேன். அவள் முகம் போன போக்கைப் பார்த்து, “அங்கேயும் இதே மாதிரி ஒரு கோட்டை இருக்கு, உன்னைக் கூட்டிப் போறேன்” என்று சொல்லிவைத்தேன். அப்போது வைப்பர் என்ற பெயர்கூட எனக்குத் தெரியாது.

மே 11, ஞாயிறு

துணி துவைத்தேன். யாரோடும் பேசவில்லை.

மே 15, வியாழன்

கப்பல் வந்துவிட்டது! “சிவஞான பாபு, சாத் சிட்டி” என்று தபால்காரன் ஏழு விரலைக் காட்டினான்.

இந்தத் தீவில் எல்லோரும் செய்வதுதான் – வீட்டிலிருந்து எழுதும்போது உறையின் முதுகில் எண் போடச் சொல்லிவிடுவோம். இருபது நாள் கடிதங்களைக் கப்பல் ஒரே மூட்டையாகக் கொண்டுவந்து கொட்டும். எது முன்னால் எழுதியது, எது பின்னால் என்று அப்போதுதான் தெரியும். தபாலாபீஸ் வாசலிலேயே எல்லோரும் பரபரவென்று கிழித்து, முதலில் கடைசி எண்ணைப் படித்து, வீட்டில் எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு பிறகு ஒன்றாம் எண்ணுக்கு வருவார்கள்.

நான் அப்படி இல்லை. ஒரு நாளைக்கு ஒன்று. எண் வரிசையில். ஆபீஸ் விட்டு வந்து, குளித்து, விளக்கேற்றும் முன் ஒரு கடிதம். ஏழு கடிதம் என்றால் ஏழு நாள் வீட்டில் ஒருத்தி காத்திருக்கிற மாதிரி. முதல் வருஷம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் படித்துவிட்டு இருபது நாள் பட்டினி கிடந்தேன். அதிலிருந்து இந்த ஏற்பாடு. யாரிடமும் சொன்னதில்லை. மரகதத்திடமும்.

ஒன்றாம் எண்: அம்மாவுக்கு – அவள் அம்மாவுக்கு – முட்டி வலி. திண்டிவனத்தில் வெயில். எதிர்வீட்டுக்காரர்கள் ரேடியோ வாங்கிவிட்டார்கள், தெரு முழுக்க அங்கேதான்.

மே 16, வெள்ளி

இரண்டாம் எண் சின்னக் கடிதம். மாமரத்தில் இந்த வருஷம் காய்ப்பு இல்லை. “அங்கே மாம்பழம் கிடைக்குமா?” என்று கேட்டிருக்கிறாள். போன தடவையும் கேட்டாள். பதில் எழுத மறந்திருக்கிறேன்.

மே 17, சனி

மூன்றாம் எண்ணை வைப்பருக்கு எடுத்துப்போய், தூக்குமேடைக் கூடத்தின் வாசற்படியில் உட்கார்ந்து படித்தேன். காற்று. ஹாரியட் மலையில் மேகம் இறங்கியிருந்தது. அவளுடைய அண்ணன் அவளை விழுப்புரத்துக்குக் கூட்டிப் போனாராம், ஒரு விண்ணப்பம் விஷயமாக. “அவர் ஒரு யோசனை சொல்கிறார். நாலைந்து நாள் யோசித்துவிட்டு உங்களுக்கு எழுதுகிறேன்.” எனக்குச் சிரிப்பு வந்தது. சரியான இடத்தில் நிறுத்தத் தெரிகிறது இவளுக்கு. மீதி நான்கு உறை அறையில் இருக்கிறது, அவசரம் என்ன.

வடக்குச் சுவர் நாற்பத்தேழடி. கல் மூன்று தடவை நழுவியது.

மே 18, ஞாயிறு

நாளைக்குக் கப்பல் திரும்புகிறது. மரகதத்துக்குப் பதில் எழுதினேன், நான்கு பக்கம். முழுக்கக் கோட்டைதான். சுவர் கனம், ஆலமரம், படிகளின் எண்ணிக்கை, உதயசூரியனின் பேய். ஒரு சின்னப் படமும் போட்டேன். நன்றாக வந்திருக்கிறது. படித்தால் நேரில் பார்த்த மாதிரி இருக்கும்.

நான்காம் எண்: ரேடியோ வீட்டில் சண்டை. அண்ணன் யோசனை பற்றி ஒன்றுமில்லை.

மே 19, திங்கள்

கடிதத்தைக் காலையிலேயே போட்டுவிட்டேன். மூன்று மணிக்குக் கப்பல் ஊதியது. ஜன்னலில் நின்று பார்த்தேன், கண்ணை விட்டு மறையும்வரை.

ஐந்தாம் எண் அரைப் பக்கம். “நாளை எழுதுகிறேன்.”

மே 20, செவ்வாய்

ஆறாம் எண்.

அப்படியே எழுதி வைக்கிறேன்.

“அண்ணா ஆசிரியைப் பயிற்சிக்கு இடம் வாங்கிவிட்டார். இரண்டு வருஷம். ஜூன் பதினாறாம் தேதி சேர வேண்டும். எனக்கும் படிக்க ஆசைதான். அதற்கு முன் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் கடிதங்களில் மழை இருக்கிறது, கப்பல் இருக்கிறது, தாவூத் பாய் இருக்கிறார். நம் பெண் பதினோரு நாள் இருந்தாள். அவளைப் பற்றி இந்த இரண்டு வருஷத்தில் நீங்கள் ஒரு வரி எழுதியதில்லை. இங்கே அவள் பேச்சை எடுத்தால் எல்லோரும் எழுந்து போய்விடுகிறார்கள். உங்களோடு மட்டும்தான் பேச முடியும் என்று நினைக்கிறேன். நான் அங்கே வரட்டுமா? இதே கப்பல் திரும்பும்போது உங்கள் கையால் எழுதி அனுப்புங்கள். வா என்று இருந்தால் படிப்பை விட்டுவிட்டு அடுத்த கப்பலில் ஏறிவிடுகிறேன். அந்தப் பேச்சே இல்லாவிட்டால் நான் புரிந்துகொள்கிறேன், உங்கள் மேல் கோபப்பட மாட்டேன். தந்தி மட்டும் வேண்டாம். போன தந்தியை அம்மா சாமி படத்துக்குப் பின்னால் சொருகி வைத்திருக்கிறாள். எடுக்கவும் விடுவதில்லை, எறியவும் விடுவதில்லை.”

கப்பல் நேத்து போச்சு. நேத்து. அஞ்சு நாள் இந்தக் கடுதாசி என் தலைமாட்டில இருந்திருக்கு. கையில வச்சுக்கிட்டு நான் என்ன எழுதினேன்? சுவர். இரண்டடி மூன்றங்குலம். படம் வேற போட்டேனே, படம்.

ஏழாம் எண்ணையும் உடைத்துவிட்டேன். இரண்டே வரி. “ஆறாவதைப் படித்துவிட்டுக் கோபப்படாதீர்கள். பதிலுக்காக எண்ணிக்கொண்டிருக்கிறேன்.”

மே 21, புதன்

ஆபீஸுக்குப் போகவில்லை. தாவூத் பாய் கடைக்குப் போய் உட்கார்ந்தேன். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவரிடம் வீட்டு விஷயம் பேசினேன். கடிதங்களை நாளுக்கு ஒன்றாகப் படிக்கும் வழக்கத்தையும் சொன்னேன். வெற்றிலையை மடித்தபடி என்னையே பார்த்தார்.

“அரே, கடுதாசி என்ன கல்கண்டா தம்பி? ஒண்ணொண்ணா வாயில ஒதுக்கிச் சப்புறதுக்கு? அந்தப் புள்ள பேசுனது ஒங்ககிட்டயா, ஒங்க அலமாரிகிட்டயா?”

உள்ளேயிருந்து திரைக்குப் பின்னால் அவர் மனைவி ஜன்னத் பீவியின் குரல். “அவுகள ஏசாதீக. தாரு, அதான் தந்தி, அடிக்கச் சொல்லுங்க. சல்தியா, வெரசா போகட்டும்.”

தந்தி வேண்டாம் என்று எழுதியிருக்கிறாள் என்றேன்.

“அது ஒங்க பதிலு வரும்னு நம்பி எழுதுனது. இப்ப வேற என்ன இருக்கு ஒங்க கையில?” என்றார் பாய்.

மே 22, வியாழன்

தந்தி அடித்துவிட்டேன்.

படிவத்தை வாங்கிக்கொண்டு முக்கால் மணி நேரம் நின்றேன். நான் கடிதங்களை நாளுக்கு ஒன்றாகப் படிப்பவன், அதனால் ஆறாவதைப் பார்க்குமுன் கப்பல் போய்விட்டது என்பதைத் தந்தியில் எப்படிச் சொல்வது? ஐந்து தடவை எழுதிக் கோடு போட்டு அடித்தேன். கடைசியில் “அடுத்த கப்பலில் வா” என்று மட்டும் ஆங்கிலத்தில். அங்கே உட்கார்ந்திருந்த குமாஸ்தா ஒரு தரம் படித்துப் பார்த்துவிட்டு “குஷ் கபர், பாபு” என்றான். நல்ல செய்தியாம்.

போன தந்தியும் இதே கவுண்டரில்தான் கொடுத்தேன். 1956 ஆகஸ்ட். குழந்தை தவறிவிட்டது என்று அங்கிருந்து வந்தது. “கப்பல் இல்லை. வருந்துகிறேன்” என்று இங்கிருந்து போயிற்று. கப்பல் இல்லாதது உண்மை. அடுத்த கப்பல் பதினாறு நாள் கழித்து வந்தது. அதில் நான் ஏறியிருக்கலாம். எல்லாம் முடிந்த பிறகு போய் என்ன என்று இருந்துவிட்டேன்.

மே 24, சனி

வைப்பர். பருவமழை தொடங்கிவிட்டது. காலெல்லாம் அட்டை. ஒன்றும் அளக்கவில்லை.

மே 29, வியாழன்

பக்தவத்சலத்திடம் – பக்கத்து மேஜைக்காரர் – புரோத்ராபூரில் வாடகைக்கு ஒரு வீடு கேட்டிருக்கிறேன். அதுவரை இந்த அறைதான். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தேன். முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று வாங்கினேன். சவரத்துக்கு இருந்த உள்ளங்கைக் கண்ணாடியில் பெண்பிள்ளை எப்படித் தலை வாருவாள்? பெரிய கண்ணாடியில் என்னைப் பார்த்ததில் கொஞ்சம் பயந்துவிட்டேன். இவ்வளவு நரையா.

ஜூன் 5, வியாழன்

ஆறு மணிக்கே கப்பல் வரும் சாத்தம் ஜெட்டிக்குப் போய் நின்றேன். எல்லோரும் இறங்கினார்கள். வங்காள ரிஃப்யூஜி குடும்பங்கள், போலீஸ்காரர்கள், ஒரு பசுமாடு. இறங்கும் பலகையை எடுக்கும்வரை நின்றேன். பலகையை எடுத்த பிறகும் நின்றேன். கலாசி ஒருவன் “கோன் சாஹியே, பாபு?” என்று கேட்டான். யாரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

தபாலில் ஒரே ஒரு கடிதம். உறையின் முதுகில் எண் இல்லை. வாசலிலேயே நின்று கிழித்துப் படித்தேன், எல்லோரையும் போல.

“உங்கள் தந்தி வந்தது. தபால்காரன் தந்தி என்று கூப்பிட்டதுமே அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள், தண்ணீர் தெளித்து எழுப்பினோம். வா என்று இருந்ததைப் பார்த்து அழுதேன். பெட்டியைக்கூட எடுத்து வைத்தேன். மறுநாள் உங்கள் கடிதம் வந்தது. நான்கு பக்கம். என் கடிதங்கள் எல்லாம் உங்கள் கையில் கிடைத்து மூன்று நாள் கழித்து, நிதானமாக உட்கார்ந்து எழுதியது. அதில் செங்கல் இருந்தது, ஆலமரம் இருந்தது, நாற்பத்து மூன்று படி இருந்தது. தந்தியில் உள்ள வா யாரோ ஒரு குமாஸ்தா தட்டியது. கடிதம் உங்கள் கையெழுத்து. இரண்டில் எதை நம்புவது என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். உங்கள் கையெழுத்தை நம்பினேன். பதினாறாம் தேதி சேர்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.”

சரியாத்தான் நம்பியிருக்கா.

ஜூன் 7, சனி

கடல் கொந்தளிப்பு. இன்றைக்கு லாஞ்ச் வைப்பரில் நிற்காது என்றான் உதயசூரியன். என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன நினைத்தானோ, “சரி ஏறுங்க சார், எறக்கி விடுதேன். நாலு மணிக்கு ரெடியா நிக்கணும்” என்றான்.

தூக்குமேடைக் கூடத்தில் மட்டும்தான் ஒழுகவில்லை. அங்கே உட்கார்ந்து, டிராயிங் பலகையை மடியில் வைத்துக்கொண்டு மரகதத்துக்கு எழுதினேன். அளவு நாடாவைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

ஒன்பது பக்கம். கடிதங்களை நாளுக்கு ஒன்றாகப் படித்த முட்டாள்தனத்தை முதல் பக்கத்தில் எழுதினேன். அது சுலபமான பக்கம். மற்ற எட்டும் இதுதான்.

போன வருஷம் மே மாதம் எனக்கு லீவு கிடைத்தது, கப்பலில் இடமும் கிடைத்தது. பக்தவத்சலத்தின் தங்கை கல்யாணத்துக்குப் போகக் கப்பலில் இடம் இல்லை என்று அவர் தவித்தபோது என் இடத்தைக் கொடுத்துவிட்டேன். ஆபீஸ் முழுக்க என்னைப் பெரிய மனசுக்காரன் என்றார்கள். அவர் இன்னும் பார்க்கும்போதெல்லாம் கும்பிடுகிறார். அவர் கேட்டதும் எனக்கு அப்பாடா என்றிருந்தது – அதை யாரிடமும் சொன்னதில்லை. உன் முன்னால் வந்து நிற்கப் பயம், மரகதம். நீ பிரசவ வலியில் கிடந்தபோது நான் இங்கே சாக்கடைக்குப் படம் போட்டுக்கொண்டிருந்தேன். குழந்தை என் ஜாடையா உன் ஜாடையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கவும் பயம். கேட்டால் அவள் இருந்தது நிஜமாகிவிடும். அதனால் சுவரைப் பற்றி எழுதினேன்.

அவளுக்கு நான் ஒரு பெயர் வைத்திருந்தேன், மனதுக்குள். அதையும் எழுதினேன். இந்த நோட்டில்கூட இதுவரை எழுதியதில்லை. பூங்கோதை.

வா என்று எழுதவில்லை. படி என்று எழுதினேன். நான் அங்கே வரட்டுமா என்று கேட்டிருக்கிறேன்.

நாலு மணிக்கு உதயசூரியன் கீழேயிருந்து கத்தினான். எனக்குக் கேட்கவில்லை. கடைசியில் பாதிப் படிவரை ஏறி வந்து, கண்ணை மூடிக்கொண்டு “சாஆஆர்” என்று ஒரு கூப்பாடு. எனக்குக் கண் சிவந்திருந்தது. கேட்டால் தூசி என்று சொல்லத் தயாராக இருந்தேன், அந்த மழையில். அவன் கேட்கவில்லை.

ஜூன் 9, திங்கள்

கடிதத்தைத் தபாலாபீஸில் கொடுத்துவிட்டேன். கப்பல் போயிற்று.

ஜூன் 16, திங்கள்

இன்று சேர்ந்திருப்பாள்.

ஜூன் 26, வியாழன்

கப்பல். கடிதம் இல்லை.

ஜூலை 3, வியாழன்

பழைய கடிதங்களையெல்லாம் எடுத்து வரிசையாகப் படித்தேன், ஒரே மூச்சில். தொண்ணூற்றிரண்டு. அவள் கேட்டு நான் பதில் சொல்லாத கேள்விகளை ஒரு தாளில் குறித்துக்கொண்டே வந்தேன். அங்கே மாம்பழம் கிடைக்குமா? மழையில் அறை ஒழுகுகிறதா? யார் சமைக்கிறார்கள்? என் போட்டோவை எங்கே வைத்திருக்கிறீர்கள்? தாள் நிறைந்துவிட்டது. இன்னொரு தாள் எடுக்கவேண்டியிருந்தது.

ஜூலை 17, வியாழன்

கப்பல். கடிதம் இல்லை. கேள்விகளுக்கெல்லாம் பதில் எழுதி அனுப்பினேன். மாம்பழம் கிடைக்கும், புளிப்பு.

தாவூத் பாய் ஒன்றும் கேட்பதில்லை. டீயில் சர்க்கரை மட்டும் அதிகம் போடச் சொல்கிறார்.

ஜூலை 26, சனி

வைப்பர். தெற்குச் சுவர் முப்பத்தொன்பதடி ஆறங்குலம். ஆலமரத்தின் புது வேர் ஒன்று ஜன்னல் வழியாக அறைக்குள் இறங்கியிருக்கிறது. மே மாதத்தில் அது இல்லை.

இனிமேல் கடிதம் வராது என்று வைத்துக்கொண்டால் என்ன செய்வேன்? தெரியவில்லை. இங்கேயே, இப்படியே, அறுபது வயது வரை அளந்துகொண்டிருப்பேனா? எனக்கு முப்பத்திரண்டுதான் ஆகிறது.

ஆகஸ்ட் 14, வியாழன்

வந்துவிட்டது. முதுகில் எண்: 1.

“உங்கள் ஒன்பது பக்கத்தை ஹாஸ்டலுக்கு அண்ணா கொண்டுவந்து கொடுத்தார். உடனே பதில் எழுத முடியவில்லை. எழுத உட்கார்ந்தால் திரும்பவும் அதையே படிக்கிறேன். கடிதத்தை நாளுக்கு ஒன்றாகப் படித்தீர்கள் என்பதை முதலில் நம்பவில்லை. பிறகு, உங்களைத் தவிர வேறு யார் அப்படிச் செய்வார்கள் என்று தோன்றியது, நம்பிவிட்டேன். போன வருஷத்து மே மாதத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதற்கு எனக்குக் கோபம் இருக்கிறது. கொஞ்ச நாள் இருக்கும், இருக்கட்டும். இப்போது வர வேண்டாம், ஹாஸ்டலில் ஆண்களை உள்ளே விடமாட்டார்கள், வார்டன் வாசலில் வைத்து விசாரிப்பார். ஏப்ரல் கடைசியில் எனக்கு விடுமுறை. நானே வருகிறேன். நான்கு பக்கம் எழுத வைத்த அந்தச் சுவரை என் கண்ணால் பார்க்க வேண்டும். அவள் உங்கள் ஜாடை. காது மட்டும் என்னுடையது. நீங்கள் வைத்த பெயரைப் பார்த்தேன். நானும் ஒரு பெயர் வைத்திருக்கிறேன், அது வேறு. நேரில் சொல்கிறேன்.”

என் ஜாடை.

கண்ணாடி முன்னால் போய் நின்றேன். வெகுநேரம்.

நவம்பர் 1, சனி

வைப்பர் படத்தைக் கொடுத்துவிட்டேன். குறிப்பில் எழுதியது: “வேரை வெட்டினால் சுவர் விழும். சுவரை இடித்தால் செங்கல் தூளாகும். இருக்கிறபடியே விடலாம்.” சரி என்று கையெழுத்துப் போட்டு ஃபைலை மூடிவிட்டார்கள். இனி சனிக்கிழமை அங்கே போக வேலை இல்லை. சாயங்காலம் தாவூத் பாய் கடையில் உட்கார்ந்திருந்தேன்.

டிசம்பர் 25, வியாழன்

கப்பல். எண் 9 முதல் 13 வரை. வாசலிலேயே எல்லாவற்றையும் படித்துவிட்டேன். இப்போது அடுத்த கப்பல்வரை பட்டினி. பரவாயில்லை.

1959 ஏப்ரல் 22, புதன்

நாளைக் காலை ஏழு மணிக்குக் கப்பல். சட்டைக்கு இஸ்திரி போட்டுவிட்டேன். ஜன்னத் பீவி ஒரு டப்பா நிறையப் பலகாரம் கொடுத்தனுப்பியிருக்கிறார். மரகதம் வந்தால்தான் திறக்க வேண்டுமாம்.

ஏப்ரல் 25, சனி

வைப்பருக்குப் போய் வந்தோம்.

உதயசூரியன் இன்றைக்குத் தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவியிருந்தான். ஜெட்டியில் கயிற்றைக் கட்டிவிட்டு எங்கள் பின்னாலேயே வந்தான். “அக்கா ஏறும்போது நா கீழ நின்னா நல்லாவா சார் இருக்கும்?” பாதிப் படியில் அவனுக்கு லாஞ்ச் எஞ்சினில் ஏதோ சத்தம் கேட்டது, இறங்கிப் போய்விட்டான்.

நான் அந்த ஒன்பது பக்கத்தை எங்கே உட்கார்ந்து எழுதினேன் என்று கேட்டாள். தூக்குமேடைக் கூடத்தில் இடத்தைக் காட்டினேன். “இங்கேயா? வேற இடமே கிடைக்கலையா உங்களுக்கு?” என்றாள். வேறு எங்கும் மழைக்கு ஒதுங்க முடியவில்லை என்றேன். அங்கேயே உட்கார்ந்தாள். பிறகு பேசினோம். பதினோரு நாளையும் ஒவ்வொரு நாளாகச் சொன்னாள், ஒன்றைக்கூட விடவில்லை. அவள் வைத்திருந்த பெயரையும் சொன்னாள். அதை இங்கே எழுதப்போவதில்லை. இரண்டு பெயரும் இருக்கட்டும் என்று முடிவாயிற்று. அழுதோம். ஜன்னத் பீவி டப்பாவைத் திறந்து தின்றோம்.

பழக்கம் விடவில்லை, நாடாவைக் கொண்டுபோயிருந்தேன். மறுமுனையை அவள் பிடித்துக்கொண்டாள். வடக்குச் சுவர் நாற்பத்தேழடி நாலங்குலம். கல் என்னை நாலங்குலம் ஏமாற்றியிருக்கிறது.

ஜூன் எட்டாம் தேதிக் கப்பலில் அவளுக்கு இடம் போட்டிருக்கிறது. இன்னும் ஒரு வருஷப் படிப்பு மிச்சம். இங்கே பள்ளிக்கூடத்துக்கு டீச்சர் வேண்டுமாம், பக்தவத்சலம் விசாரித்துச் சொன்னார். பார்க்கலாம் என்றாள். வா என்று நானும் சொல்லவில்லை.

இறங்கும்போது வாய்க்குள் எண்ணிக்கொண்டே வந்தாள். ஜெட்டிக்கு வந்ததும் நின்று என்னைப் பார்த்தாள்.

“எத்தனைன்னு எழுதினீங்க?”

நாற்பத்து மூன்று என்றேன்.

செருப்பைக் கழற்றிவிட்டு, கடைசிப் படிக்குக் கீழே இருந்த சேற்றைக் காலால் விலக்கினாள். கல் தெரிந்தது. படிதான். ஒரு வருஷமாக அதைத் தாண்டித்தான் ஏறியிருக்கிறேன், தாண்டித்தான் இறங்கியிருக்கிறேன்.

நாற்பத்து நான்கு. திங்கட்கிழமை ஃபைலைக் கேட்டு வாங்கிப் படத்தைத் திருத்த வேண்டும்.